விரிசலுக்குள் ஐந்து விரல்கள்

என் வீட்டுக்காரர் வேல்குமாருக்கு முருகனுக்கு அடுத்தபடியாக வாஸ்துதான் தெய்வம். எனக்கு மூன்றாம் இடம். அதுவும் நான் தெற்கே தலைவைத்துப் படுத்தால்தான். எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிள் திசை மாறியதற்குக் கணக்கே கிடையாது. ஆர்டர் குறைந்தால் டேபிளைத் திருப்புவார். ஆர்டர் வந்தால் டேபிளைத் திருப்பியதால் வந்தது என்பார். தைக்கிற பெண்களும் நானும் முதுகு ஒடிய உழைத்தது எந்த மூலையிலும் சேராது.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு பூமியைக் கொடுத்துக் கட்டடம் கட்டச் சொன்னால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்ல வந்தேன். நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. கொஞ்ச நேரத்தில் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. யாரைக் கும்பிடுவது என்றுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

மங்கலம் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பூமி. அம்மாவைப் பெற்ற என் அப்புச்சி எனக்குக் கொடுத்தது. வடகிழக்கில் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு பாறை மேடு. எங்கே கிளறினாலும் பானை ஓடு வரும் என்பதால் ஓட்டுமேடு என்று பெயர். மேட்டின் தோளில் எங்கள் வீடும் கம்பெனியும் இருக்கின்றன. அங்கிருந்து சரிந்து சரிந்து தென்மேற்கில் ஒரு கரிசல் பள்ளத்தில் போய் முடியும். மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் செருப்பைப் பிடுங்கி எடுக்கவே துணைக்கு ஆள் வேண்டும்.

வாஸ்துக்காரர் வந்து பார்த்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கன்னி மூலை பள்ளமாக் கெடக்குது, ஈசானி மூலை மேடாக் கெடக்குது. எல்லாமே தலைகீழா இருக்குதுங்க" என்றார். அவர் கணக்குப்படி தென்மேற்கு உயர்ந்து கனமாக இருக்க வேண்டும், வடகிழக்கு தாழ்ந்து லேசாக இருக்க வேண்டும். சாமி படைத்த பூமியையே தலைகீழ் என்று சொல்ல என்ன தைரியம் பாருங்கள். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். பாறையை உடைத்துப் பள்ளத்தில் கொட்டுவது, பள்ளத்தை மேடாக்கி அதன் தலையில் கட்டடத்தை ஏற்றுவது, இதுதான் தீர்மானம்.

கட்டடம் எங்களுக்கு இல்லை. எங்களிடம் வேலை செய்யும் பெண்களுக்கு ஹாஸ்டல். எல்லோரும் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவி மூக்கம்மாள். செக்கிங் பகுதியில் அவள் கண்ணில் ஒரு தையல் பிசகு தப்பாது. அவர்கள் இருந்த வாடகை லைன் வீட்டை இடித்துக் கட்டப்போவதாக அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். கார்த்திகைக்குள் காலி செய்தாக வேண்டும். "கவலையே வேண்டாமுங்க. அதுக்கு முன்னாடி பால் காய்ச்சி உள்ள போயிரலாம்" என்று என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்துவிட்டார். நல்ல மனசு, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மூளையை மட்டும்தான் வாஸ்துக்காரரிடம் அடகு வைத்திருந்தார்.

முருகன் கோயிலுக்குப் போய்ப் பூவும் கேட்டார். எங்கள் பக்கம் எந்த நல்ல காரியத்துக்கும் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பார்ப்பது வழக்கம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது. அந்த ஒரு பூவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார் மனிதர்.

பாறையை உடைக்க இயந்திரம் வந்து நின்ற நேரத்தில்தான் தொல்லியல் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஓட்டுமேட்டில் பழங்காலத்து ஊர் ஒன்று புதைந்திருக்கிறது, அதில் கை வைக்கக்கூடாது, தோண்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டுமே! ஒரு வாரம் சரியாகச் சோறு தின்னவில்லை. "ஓட்டாஞ்சில்லு பொறுக்கறதுக்கு என்ற ஈசானி மூலைதான் கெடச்சுதா இவியளுக்கு?" என்று புலம்பினார். பாறை போனால் போகிறது, பள்ளத்தையாவது நிரப்புவோம் என்று இடித்த கட்டடங்களின் செங்கலையும் கலவையையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார். மேலே செம்மண் பரப்பி, உருளை ஓட்டி, அதன்மேல் நீளமாக ஒரு ஹாஸ்டலைக் கட்டி, மேலே தகரக் கூரை போட்டார். பச்சைப் பெயிண்ட் அடித்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூக்கம்மாள் ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசி மூலையில் சன்னலோரமாகப் போய் நின்றாள். "இந்த எடம் எனக்கு. காத்து நல்லா வருது. எவளும் போட்டிக்கு வரக்கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றாள். அவள் அக்கா மகள் அபிராமி, "பெரிய மகாராணி" என்று கிண்டல் செய்தாள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

புரட்டாசியில் இரண்டு மழை பெய்தது. ஹாஸ்டல் கதவு சாத்த மறுத்தது. தச்சரைக் கூப்பிட்டு இழைத்தோம். வெயில் அடித்ததும் அதே கதவு தொளதொளவென்று ஆடியது. அப்புறம் சன்னலுக்குக் கீழே ஒரு கோடு தெரிந்தது. முதலில் நூல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தட்டிவிட்டேன். அது போகவில்லை.

"புதுச் செவுருன்னா அப்புடித்தான் அம்மிணி. கெடந்து செட்டாகோணுமல்லோ" என்றார் அவர். பட்டி மாவைக் குழைத்துத் தன் கையாலேயே விரிசலில் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். மேலே பச்சைப் பெயிண்ட். அடுத்த வாரம் அதே இடத்தில் கோடு, முன்னைவிடத் தடிமனாக. மறுபடியும் பட்டி, மறுபடியும் பெயிண்ட்.

தோண்டுகிறவர்களில் நதியா என்று ஒரு பெண். கன்னியாகுமரிப் பக்கம். மண்ணையும் பாறையையும் படித்தவள். தொப்பி போட்டுக்கொண்டு நாளெல்லாம் குழிக்குள்ளேயே கிடப்பாள். நான்தான் மோர் கொடுத்து அனுப்புவேன். அன்றைக்கு நானே கொண்டுபோனேன்.

"வாங்கக்கா, இன்னைக்கு உங்களுக்கு ஊரைச் சுத்திக் காட்டுறேன்" என்றாள்.

மேட்டின் உச்சியில் மண்ணை விலக்கியிருந்தார்கள். பாறையில் வரிசை வரிசையாகக் கிண்ணம் மாதிரி பள்ளங்கள். எல்லாம் வீட்டுக்குக் கம்பம் நட்ட குழிகளாம்.

"இது சின்ன கிராமம் இல்லக்கா, அந்தக் காலத்துக்குப் பெரிய நகரம். இந்த மேட்டுல ஒரு வீட்டுக்குக்கூட அஸ்திவாரம் தோண்டல. பாறையே அஸ்திவாரம். தெரு ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு முதல்ல எங்களுக்குப் புரியல. அப்புறம் பார்த்தா, பாறை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் தெருவும் போகுது."

"சாக்கடைகூட இருக்குதே கண்ணு!"

"ஆமா, பாறையைச் செதுக்கியே வாய்க்கால் விட்டிருக்காங்க. எவ்வளவு மழை பெஞ்சாலும் மேட்டுல நிக்காது. குளத்தை எங்க வெட்டினாங்க தெரியுமா? கீழ, கரிசல்ல. அந்த மண்ணுதான் தண்ணியைக் கீழ விடாமப் பிடிச்சு வச்சுக்கும். குடியிருக்க பாறை, குடிக்க கரிசல். மண்ணைப் பார்த்துப் பார்த்து ஊரைக் கட்டியிருக்காங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ என் பாட்டன் கட்டினது போல. எல்லாரும் அத்தனை விவரமானவர்களா என்று கேட்டேன். நதியா சிரித்தாள்.

"முதல்லயே விவரம் வந்துடுமாக்கா? வாங்க, கடைசிக் குழியைப் பாருங்க."

அந்தக் குழி மேட்டின் அடிவாரத்தில், எங்கள் ஹாஸ்டல் வேலிக்கு இந்தப் பக்கமே இருந்தது. ஏணியில் இறங்கினேன். ஒரு பக்கம் பாறை சரிந்து உள்ளே போய் மறைகிறது. அது மறைகிற இடத்தில் கறுப்பு மண். கறுப்பு மண்ணுக்குமேல் பானை ஓடும் கரியும் கல்லுமாகக் கெட்டித்து ஒரு அடுக்கு. அந்த அடுக்குமேல் ஒரு செங்கல் சுவர், நடுவில் பிளந்து, ஒரு பாதி சாய்ந்து படுத்திருந்தது.

"இவங்க மேட்டுல இடம் பத்தாமப் பள்ளத்துக்கு வந்திருக்காங்க. உடைஞ்சது, கழிச்சதெல்லாம் கொட்டி நிரப்பி, அதுமேல வீடு கட்டியிருக்காங்க. கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். வருஷா வருஷம் அதே வேலை. மேல இருக்கிற சுவர் என்னக்கா பண்ணும்? இங்க பாருங்க, விரிசல் விட விடப் பூசியிருக்காங்க. ஒரு பூச்சு, அதுமேல இன்னொண்ணு, அதுமேல இன்னொண்ணு. கடைசியில விழுந்திருக்கு. அதுக்கப்புறம் பாறை முடியுற இந்தக் கோட்டுக்குக் கீழ ஒருத்தர்கூட வீடு கட்டல. ஊர் இருந்த அத்தனை தலைமுறைக்கும்."

நான் குனிந்து பார்த்தேன். விரிசலில் அப்பிய களிமண்ணில் விரல் தடம் இருந்தது. ஐந்து விரல். அழுத்தி, இழுத்து, மறுபடி அழுத்தியிருக்கிறது. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் ஆழமாக. எந்தக் காலத்து மனுசனோ, மனுசியோ. என் வீட்டுக்காரர் போன வாரம் பட்டி மாவை அப்பினாரே, அதே அப்பல். நிமிர்ந்து பார்த்தால் குழியின் விளிம்புக்கு மேலே எங்கள் பச்சைச் சுவர்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நதியா பதறிப்போய், "என்னக்கா, தலை சுத்துதா?" என்றாள். "இல்ல கண்ணு, பொட்டைப் புள்ளைக தூங்கப்போற எடம் அது" என்று மட்டும் சொன்னேன். அவளும் நிமிர்ந்து ஹாஸ்டலைப் பார்த்தாள். அவள் வருவதற்கு முன்பே கட்டடம் எழும்பிவிட்டதால், அதுவரை வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நிரப்பியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஏற்பாரா? "முருகனே வெள்ளைப் பூ குடுத்துட்டான். அவன விட அந்தப் புள்ள பெரியாளா?" என்று எகிறினார்.

"ஏனுங்க, முருகன்கிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"ஹாஸ்டல் கட்டலாமான்னு கேட்டேன்."

"கட்டலாம்னு சொல்லீட்டான். எங்க கட்டறதுன்னு கேட்டீங்களா?"

கோபித்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். நான் விடுவேனா? அவருக்குப் புரிகிற பாஷை ஒன்று இருக்கிறது. பனியன் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு துண்டில் சதுரம் வரைந்து, துவைத்துக் காயவைத்து, சதுரம் எவ்வளவு சுருங்கியது என்று அளந்து பார்ப்போம். ஷ்ரிங்கேஜ் பார்ப்பது என்று சொல்வோம். அதைப் பார்க்காமல் கத்தரி வைத்தால், பெரிய ஆளுக்குத் தைத்த பனியனைக் குழந்தைக்குத்தான் போட முடியும். இந்த ஒரு விஷயத்தில் அவர் சாமியே வந்து சொன்னாலும் அவசரப்பட மாட்டார்.

இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்தேன். ஒன்றில் பள்ளத்துக் கரிசலைக் குழைத்து விளிம்புவரை நிரப்பினேன். இன்னொன்றில் மேட்டுச் சரளை மண்ணைக் குழைத்து நிரப்பினேன். மொட்டைமாடியில் காயவைத்து, காய்ந்ததும் கட்டிங் டேபிளில் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். சரளை வைத்தது வைத்தபடி இருந்தது. கரிசல் தட்டின் ஓரத்தைவிட்டு விரல் நுழைகிற அளவு விலகி, குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்து கிடந்தது.

"துணிக்கு ஷ்ரிங்கேஜ் பாக்காம நீங்க கத்தரியத் தொட மாட்டீங்க. மண்ணுக்குப் பாத்தீங்களா?" என்றேன்.

கரிசலின் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டுமேட்டுப் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். குழிக்குள் இறங்கி, அந்த விரல் தடத்துக்கு நேராகத் தன் கையை, தொடாமல், காற்றில் வைத்துப் பார்த்தார். பட்டி மாவு நகக்கண்ணில் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"பாவம், எத்தன வாட்டி பூசியிருக்கறாரு" என்றார். குரல் உடைந்திருந்தது. எத்தனையோ வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

ஹாஸ்டலை அன்றைக்கே அவர் பூட்டிவிட்டார். ஆனால் மூக்கம்மாளுக்கு யார் சொல்வது? லைன் வீட்டில் பாதிச் சுவரை அதற்குள் இடிக்க ஆரம்பித்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் வெடித்துவிட்டாள்.

"என்னம்மா இப்ப வந்து சொல்றீக? பொட்டி சட்டியெல்லாம் கட்டி வச்சிருக்கோம்ல. இந்தப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் ரோட்டுலயா போய் நிக்கட்டும்? வாக்குக் குடுக்கயில இனிச்சுதோ?"

அவள் கேட்டதில் ஒரு வார்த்தை தப்பில்லை. என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். பிறகு, "ரோட்டுல இல்லீங்க. எங்க ஊட்டு மாடிக்கு வாங்க. நாங்க கீழ ஒண்டிக்கறோம். வேற கட்டி முடிக்கற வரைக்கும் அது உங்க ஊடு" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பதால் சும்மா இருந்தேன்.

மூக்கம்மாளுக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை. குழியைக் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்றாள். கூட்டிக்கொண்டு போனோம். செக்கிங்கில் துணியைப் பார்க்கிற மாதிரி அந்தச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஆத்தாடி, இது ஆறாத புண்ணுல்ல. பூசப் பூச வாயத் தெறந்திருக்கு" என்றாள். மறுநாள் பெட்டிகளோடு எல்லோரும் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். குளியலறைக்குக் காலையில் நடந்த சண்டையைத் தனிக்கதையாக எழுதலாம்.

நதியாவின் ஆட்கள் வேலையை முடித்து, குழிகளைப் பழையபடி மணல் போட்டு மூடினார்கள். மழையில் கெடாமல் இருக்க அப்படித்தான் செய்வார்களாம். அந்த விரல்கள் மறுபடி மண்ணுக்குள் போயின.

ஐப்பசி மழை விடாமல் அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை சற்று விட்டிருந்தது. விடுமுறை. வாரமெல்லாம் நின்றும் குனிந்தும் வேலை பார்த்த பெண்கள் தின்றுவிட்டுக் கண்ணயர்கிற நேரம். மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். நான் கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று தகரம் கிழிகிற சத்தம். அப்புறம் தொப்பென்று, வயிற்றுக்குள் அதிர்கிற மாதிரி.

ஓடினோம். ஹாஸ்டலின் தென்மேற்குச் சுவர் முழுசாக உள்பக்கம் விழுந்துகிடந்தது. நிரப்பிய மண் கீழே கரைந்து ஓடி, தளம் தொங்கிக்கொண்டிருந்தது. கூரை இரும்பு ஒன்று சன்னலோரத்து மூலையில் தரையில் குத்திட்டு நின்றது. மூக்கம்மாள் தனக்கென்று பிடித்து வைத்த இடம்.

அபிராமி சித்தி கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். மூக்கம்மாள் ஒவ்வொருத்தியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், தலை, தோள், கை என்று. எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்த்தபிறகு திரும்பி, மணல் மூடிய குழியின் பக்கம் பார்த்துக் குலவை போட்டாள். அவர்கள் ஊரில் சாமிக்குப் போடுவது. ஒருத்தி போட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் குலவை போடத் தெரியாது. நான் கும்பிட்டுக்கொண்டு அழுதேன். மகராசா, உன் வீடு விழுந்து எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினாயே என்று வாய்விட்டே சொன்னேன்.

புது ஹாஸ்டலுக்கு இடம் பார்த்தாயிற்று. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பழைய ஊர் எட்டாத பாறைத் தோள். நதியா வந்து பார்த்துச் சரி என்று சொன்னாள். அது எந்த மூலை என்று என் வீட்டுக்காரர் இதுவரை கேட்கவில்லை. கடைக்கால் போடுவதற்கு முந்தின நாள் எல்லோருமாக முருகன் கோயிலுக்குப் போனோம். இந்த முறை பூ கேட்கவில்லை. "கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு அம்மிணி" என்றார். அர்ச்சனைத் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பூசாரி வழக்கம்போல, "ஆர் பேருக்குங்க?" என்று கேட்டார்.

மூக்கம்மாள் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"பேர் தெரியாதுங்க" என்றார்.

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாதுங்க."

பூசாரி தட்டைப் பிடித்தபடியே நின்றார். "பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. அப்பறம் உங்களுக்கு ஆருங்க அவரு? ஒறம்பரையா, சொந்தமா?"

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பக்கத்து ஊட்டுக்காரருங்க சாமி" என்றார்.